நெட்வொர்க் பூட் ஏன் இழுக்கிறது? காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் பள்ளி லேப், ஆலை அலுவலகம், டைப்பிங் சென்டர் என்று கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மேசைக் கணினி தன் சொந்த டிஸ்க்கை விட்டுவிட்டு லேன் கேபிள் வழியாக சர்வரிலிருந்து கிளம்புவதைத்தான் நெட்வொர்க் பூட் என்கிறோம். அதற்கான வழக்கமான ஏற்பாட்டின் பெயர் பிஎக்ஸ்இ. இன்டெல் வகுத்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் 2.1 பதிப்பு 1999இல் வந்தது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெதுவான நெட்வொர்க் பூட்டில் பெரும்பாலான நேரம் தரவு வந்து சேர்வதில் போவதில்லை, யாரோ யாருடைய பதிலுக்கோ காத்துக் கிடப்பதில் போகிறது. அதனால் ரேம் கூட்டுவதா, சர்வர் மாற்றுவதா என்று கணக்குப் போடும் முன் கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் சர்வரே கிடையாது. ஆனாலும் கணினியை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4' என்று வந்து நிற்கிறது. அப்புறம் ஐபிவி6 என்கிறது. கடைசியில்தான் விண்டோஸ் வருகிறது. வைரஸா சார்?

வைரஸ் இல்லை. உங்கள் கணினி டிஸ்க்கைத் தேடும் முன்பே 'நெட்வொர்க்கில் யாராவது என்னைக் கிளப்பிவிடுவீர்களா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. முதலில் ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் கேட்டு, காத்திருந்து, பிறகு ஐபிவி6 என்ற புதிய முறையில் கேட்டு, மறுபடி காத்திருந்து, சலித்துப்போய் டிஸ்க்குக்கு வருகிறது.

கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புக்குள் போய் பூட் வரிசையில் டிஸ்க்கை முதலில் வையுங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரிதான் முதலில் இருக்க வேண்டும். உள்ளே போக டெல் கணினியில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோ மேசைக் கணினியில் எஃப்1, அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் டெலீட் பொத்தான். அதோடு 'நெட்வொர்க் ஸ்டாக்' அல்லது 'பிஎக்ஸ்இ' என்று இருக்கும் அமைப்பை அணைத்துவிட்டால் கேள்வி கேட்பதே நின்றுவிடும்.

இத்தனை நாள் ஒழுங்காக இருந்தது, திடீரென்று இப்படி ஆகிவிட்டது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது போனால் கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தேதியும் நேரமும் தப்பாகக் காட்டினால் அதுதான் காரணம். மலிவான பேட்டரி, மாற்றிவிடுங்கள். இன்னொன்று கொஞ்சம் கவலைக்குரியது: டிஸ்க் சில நேரம் கண்ணில் படாமல் போகிறது, அதனால் அடுத்த வழியாக நெட்வொர்க்கை முயல்கிறது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் வந்து வந்து மறைந்தால் முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். மெதுவாகக் கிளம்புவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பிஎக்ஸ்இயை அணைத்தால் வேக் ஆன் லேன் போய்விடுமா?

வேக் ஆன் லேன் என்பது அணைந்திருக்கும் கணினியை லேன் வழியாக எழுப்பும் வசதி. பெரும்பாலான மதர்போர்டுகளில் போகாது. இரண்டும் தனித்தனி அமைப்புகள்.

நாங்கள் நிஜமாகவே சர்வரிலிருந்துதான் பூட் செய்கிறோம். எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

கைபேசியை எடுத்து, கணினியை ஆன் செய்வது முதல் டெஸ்க்டாப் வரும் வரை திரையை வீடியோ எடுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து எந்தச் செய்தி எத்தனை விநாடி நின்றது என்று ஒரு தாளில் குறியுங்கள். இதைவிட உபயோகமான கருவி வேறு இல்லை. 'ரொம்ப நேரம் ஆகுது' என்ற புகாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'டிஎச்சிபி என்று 34 விநாடி நின்றது' என்றால் பாதி நோய் தெரிந்துவிட்டது.

நேரம் ஐந்து இடங்களில் போகலாம். கணினி தன் உறுப்புகளைச் சோதிக்கும் தொடக்க நேரம். டிஎச்சிபி மூலம் ஐபி முகவரியும் பூட் கோப்பின் பெயரும் வாங்கும் நேரம். அந்தக் கோப்புகளை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புமாற்ற முறையில் இறக்கும் நேரம். இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் எழுந்து சர்வரில் உள்ள கோப்பு அமைப்பை இணைக்கும் நேரம். கடைசியாக டெஸ்க்டாப் வரும் நேரம். முதலாவதும் கடைசியும் நெட்வொர்க் பூட்டின் குற்றமாக இருப்பது அரிது. நடுவில் உள்ள மூன்றும்தான் நம் வேலை.

அடுத்து ஒரு சோதனை. சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை எடுத்து, சர்வரையும் ஒரே ஒரு கணினியையும் மட்டும் அதில் செருகி பூட் செய்யுங்கள். விருட்டென்று வந்தால் சர்வர் மேல் தப்பில்லை, வயரிங்கிலும் பெரிய சுவிட்சிலும் தேடலாம். அப்போதும் இழுத்தால் சர்வர் அமைப்பைப் பாருங்கள்.

டிஎச்சிபி என்று போட்டுவிட்டு அரை நிமிடம் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. சில நாள் முகவரி கிடைக்கிறது, சில நாள் 'பிஎக்ஸ்இ-இ51' என்று கைவிரிக்கிறது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. ஏன் இந்த விளையாட்டு?

நல்ல சுவிட்ச் வாங்கியவர்களுக்கு வரும் தொல்லை இது! மேனேஜ்டு சுவிட்சுகளில், அதாவது உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சுகளில், ஸ்பேனிங் ட்ரீ என்ற பாதுகாப்பு இருக்கும். கேபிள்கள் வட்டமாக இணைந்து நெட்வொர்க் சுழன்று முடங்காமல் காப்பது அதன் வேலை. ஒரு போர்ட்டில் கேபிள் உயிர்பெற்றதும், அந்தப் பக்கம் இன்னொரு சுவிட்ச் இருக்குமோ என்று அது சந்தேகப்படும். பழைய 802.1டி முறையில் 15 விநாடி கேட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு 15 விநாடி கற்றுக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகுதான் தரவை விடும். ஆக 30 விநாடி உங்கள் கணினியின் குரல் யாருக்கும் கேட்காது.

பிஎக்ஸ்இ விதிப்படி கணினி நான்கு முறை முகவரி கேட்கும். ஒவ்வொரு முறையும் 4, 8, 16, 32 விநாடி என்று காத்திருக்கும். அதாவது 0, 4, 12, 28 ஆகிய விநாடிகளில் குரல் கொடுக்கும். கடைசிக் குரல் 28ஆவது விநாடியில், சுவிட்ச் கதவைத் திறப்பதோ 30ஆவது விநாடியில்! நான்கு கூப்பாடும் வீண். அறுபதாவது விநாடி வரை காத்திருந்துவிட்டு கணினி கைவிரிக்கிறது. கணினி தொடக்கச் சோதனையில் கொஞ்சம் தாமதித்தால், அதற்குள் கேபிள் இணைப்பு முன்பே உயிர்பெற்றிருந்தால், கடைசிக் குரல் கேட்டுவிடும். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்பதன் ரகசியம் இந்த இரண்டு விநாடி இடைவெளிதான்.

இன்னொரு கொடுமை, இந்த 30 விநாடி ஒரு தடவையோடு போவதில்லை. முதலில் கணினியின் சொந்த பிஎக்ஸ்இ முகவரி வாங்கும். அடுத்து ஐபிஎக்ஸ்இ போன்ற பூட் நிரல் தன் டிரைவரை ஏற்றி மறுபடி வாங்கும். கடைசியில் லினக்ஸ் கெர்னல் தன் டிரைவரோடு வந்து மூன்றாம் முறை வாங்கும். டிரைவர் மாறும்போது லேன் இணைப்பு ஒரு நொடி அறுந்து திரும்பினால் போதும், சுவிட்ச் பழையபடி சந்தேகப்படத் தொடங்கிவிடும். மூன்று முறை 30 என்றால் ஒன்றரை நிமிடம். இந்தக் காத்திருப்பில் ஒரு பைட் தரவுகூட நகர்ந்திருக்காது.

தீர்வு சுவிட்சில் இருக்கிறது. கணினிகள் செருகியிருக்கும் போர்ட்டுகளை மட்டும் 'எட்ஜ் போர்ட்' ஆக்குங்கள். சிஸ்கோ வகையில் அதற்குப் பெயர் 'போர்ட்ஃபாஸ்ட்'. உடனே கதவு திறக்கும். சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டுகளில் இதைப் போடவே கூடாது. ஸ்பேனிங் ட்ரீயையே மொத்தமாக அணைத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். மாணவர் யாராவது தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் லேப் முழுவதும் படுத்துவிடும். வேண்டாம்.

மலிவான, அமைப்புப் பக்கமே இல்லாத சுவிட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ பொதுவாக இருக்காது. அங்கே டிஎச்சிபி தாமதம் ஐந்தாறு விநாடிதான் என்றால், சர்வர் முகவரி கொடுக்கும் முன் 'இந்த எண்ணில் வேறு யாராவது இருக்கிறார்களா' என்று பிங் அனுப்பிச் சோதிப்பது காரணமாக இருக்கலாம். விண்டோஸ் சர்வரில் இந்தச் சோதனை ஒவ்வொரு தடவைக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி கூட்டும். எத்தனை தடவை சோதிக்கும்படி அமைத்திருக்கிறது என்று பாருங்கள். டிஎன்எஸ்மாஸ்க் என்ற லினக்ஸ் டிஎச்சிபி நிரலில் இந்தச் சோதனை இயல்பாகவே இயங்கும், வேண்டாமென்றால் அணைக்க வழி உண்டு. லேப் கணினிகளுக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் குழப்பமே இல்லை.

முகவரி உடனே கிடைக்கிறது. ஆனால் கோப்பு இறங்கத்தான் நான்கு நிமிடம். ஜிகாபிட் சுவிட்ச், கேட்6 கேபிள் எல்லாம் போட்டாயிற்று. இன்னும் என்ன?

டிஎஃப்டிபியின் குணம் அப்படி. 1981இல் ஆர்எஃப்சி 783 என்ற இணைய விதி ஆவணமாக வந்து, 1992இல் ஆர்எஃப்சி 1350ஆகத் திருத்தப்பட்ட பழைய முறை. சிறிய நினைவகத்துக்குள் அடங்க வேண்டும் என்று எளிமையாகச் செய்தது. கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி, ஒன்றை அனுப்பி, 'வந்தது' என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். புதுவயல் ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றும்போது, ஒரு மூட்டை ஏறி, கணக்கர் நோட்டில் ஒரு கோடு போட்டு, 'சரி' என்று சொன்ன பிறகுதான் அடுத்த மூட்டையை முதுகில் தூக்குவது என்று வைத்தால் எப்படி இருக்கும்? சாலையை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் லாரி நேரத்துக்குக் கிளம்பாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கெர்னலும், அதோடு வரும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ரேம்எஃப்எஸும் சேர்த்து 100 எம்பி என்று வைப்போம். இன்றைய உபுண்டு வகைகளில் இது சாதாரணம். 512 பைட்டாக வெட்டினால் 2,04,800 துண்டு. போய்வர ஒரு மில்லிவிநாடி ஆனால் மொத்தம் ஏறக்குறைய 205 விநாடி, மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஜிகாபிட்டாக இருந்தாலும் 100 மெகாபிட்டாக இருந்தாலும் இது பெரிதாக மாறாது, ஏனென்றால் கேபிள் பெரும்பாலான நேரம் காலியாகக் கிடக்கிறது.

செய்யக்கூடியவை மூன்று, எளியதிலிருந்து சொல்கிறேன்.

துண்டின் அளவைக் கூட்டலாம். 1998இல் ஆர்எஃப்சி 2348 இதற்கு வழி செய்தது. 1468 பைட் வரை போங்கள். ஈத்தர்நெட் பொட்டலத்தின் 1500இல் ஐபி தலைப்புக்கு 20, யூடிபிக்கு 8, டிஎஃப்டிபிக்கு 4 கழித்தால் வருவது அது. மேலே சொன்ன 205 விநாடி 71 ஆகிவிடும். அதற்கும் மேலே போனால் பொட்டலம் உடைந்து போகும். சில லேன் கார்டுகளின் ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்த நிரல்) அதைச் சேர்க்கத் தெரியாமல் நின்றுவிடும். சர்வர் அமைப்பில் 'பிளாக் சைஸ் வேண்டாம்' என்று யாரோ எப்போதோ ஒரு பழைய கணினிக்காகப் போட்டுவைத்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி இருக்கும்.

இரண்டாவது, ஒரே மூச்சில் பல துண்டுகள் அனுப்பிவிட்டுப் பதில் கேட்கும் வழி, 2015இல் ஆர்எஃப்சி 7440. இதற்கு இரு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். கணினியின் ஃபர்ம்வேர் பழையது என்றால் பயன்படாது.

மூன்றாவதுதான் நான் எப்போதும் பரிந்துரைப்பது. டிஎஃப்டிபி மூலம் சில நூறு கேபி அளவுள்ள ஐபிஎக்ஸ்இ நிரலை மட்டும் இறக்குங்கள். அது எழுந்ததும் கெர்னல் முதலான பெரிய கோப்புகளை எச்டிடிபி வழியாக எடுத்துக்கொள்ளட்டும். சர்வரில் ஒரு சின்ன வெப் சர்வர் போட்டால் போதும். நிமிடக் கணக்கில் இருந்தது சில விநாடிக்கு வந்துவிடும். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐயின் 2.5 பதிப்பிலிருந்து, அதாவது 2015 முதல், ஃபர்ம்வேரே நேரடியாக எச்டிடிபி பூட் செய்ய வழி இருக்கிறது. புதிய கணினிகளில் அதையும் முயன்று பார்க்கலாம்.

பெரிய கோப்பு 32 எம்பி வரை வந்து நின்றுவிடுகிறது. எப்போதும் அதே இடம்.

துண்டுகளுக்கு எண் போட டிஎஃப்டிபியில் 16 பிட் இடம்தான். 65,535ஐத் தாண்டினால் எண் மறுபடி தொடக்கத்துக்கு வர வேண்டும். அதைச் செய்யத் தெரியாத பழைய சர்வர் நிரல் 512 பைட் துண்டில் 32 எம்பியோடு நின்றுவிடும். நிரலைப் புதுப்பியுங்கள், அல்லது மேலே சொன்ன எச்டிடிபிக்கு மாறுங்கள்.

ஒரு கணினி தனியாக நாற்பது விநாடியில் வருகிறது. காலையில் பிள்ளைகள் இருபது கணினியையும் ஒன்றாக ஆன் செய்தால் பத்து நிமிடம். இது என்ன நியாயம்?

இங்கேதான் முதல்முறையாக உண்மையான வேகம் கணக்கில் வருகிறது. ஒரு கணினி டெஸ்க்டாப் வரை வர 300 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு 6,000 எம்பி. சர்வர் ஜிகாபிட்டில் இருந்தால் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி போகும், ஒரு நிமிடத்துக்குள் முடியும். எங்கோ நடுவில் ஒரு 100 மெகாபிட் சுவிட்ச் மாட்டியிருந்தால் விநாடிக்கு 11 எம்பிதான். ஒன்பது நிமிடம். உங்கள் பத்து நிமிடம் ஏறக்குறைய இதோடு பொருந்துகிறது அல்லவா? இடம் போதவில்லை என்று ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். அந்தச் சங்கிலியில் பழைய எட்டு போர்ட் ஒன்று ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சுவிட்சையும் புரட்டி, அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சர்வரில் இன்னும் ஹார்டுடிஸ்க்தான் என்றால் அதுவும் காரணம். 7200 சுழற்சி டிஸ்க் ஒன்று இங்கும் அங்குமாகச் சிதறிய படிப்புகளை விநாடிக்கு நூறு அளவில்தான் செய்யும். இருபது பேர் இருபது இடத்தைக் கேட்டால் அதன் முள் அலைந்தே சாகும். சாதாரண எஸ்எஸ்டி இதைப் பல்லாயிரக்கணக்கில் செய்யும். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இருபது கணினியில் ரேம் கூட்டுவதற்குப் பதில் சர்வரில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள்.

செலவில்லாத தந்திரம் ஒன்று: லினக்ஸ் லேப்களுக்கான எல்டிஎஸ்பி போல எல்லாக் கணினிகளும் ஒரே இமேஜ் கோப்பைப் படிக்கும் ஏற்பாட்டில், காலையில் ஒரே ஒரு கணினியை முதலில் ஆன் செய்யுங்கள். அது டெஸ்க்டாப் வந்த பிறகு மற்றவற்றைக் கிளப்புங்கள். முதல் கணினி படித்த பகுதிகள் சர்வரின் ரேமில் தங்கியிருக்கும். மற்றவை டிஸ்க்கைத் தொடாமலே அதை எடுத்துக்கொள்ளும்.

பன்னிரண்டு கணினியில் ஒன்று மட்டும் மெது.

கேபிள். அதே கேபிளை வேறு கணினிக்கு மாற்றுங்கள். மெதுவும் கூடவே போனால் தீர்ப்பு எழுதிவிடலாம்.

ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிரிம்பிங்கில் மற்ற கம்பிகளில் ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கி வேலை செய்யும், யாருக்கும் தெரியாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள்களும் இங்கே நிறையப் புழங்குகின்றன. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அரிசி ஆலை அலுவலகம் என்றால் போர்ட்டுக்குள் தவிட்டுத் தூசி அடைந்திருக்கும், ஊதி எடுங்கள். மோட்டாருக்குப் போகும் மின்கம்பியோடு ஒட்டி லேன் கேபிளைக் கட்டியிருந்தால் பிரித்துப் போடுங்கள்.

எங்கள் அலுவலகம் பழைய நகரத்தார் வீட்டில். சர்வர் முகப்பில், கணினிகள் பின்கட்டில். பின்னால் உள்ளவை மட்டும் இழுக்கின்றன. வைஃபை ரிப்பீட்டர் போட்டும் பலனில்லை.

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் இவை. செம்பு லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நேர்கோட்டில் அளந்து 'எண்பதுதானே' என்று நினைக்கக் கூடாது. வளவின் நான்கு பக்கமும் தாழ்வாரத்தோடு சுற்றி, தூணுக்குத் தூண் ஏறி இறங்கி வரும் நீளத்தை அளக்க வேண்டும். தாண்டினால் பொட்டலங்கள் தொலையும். டிஎஃப்டிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் விநாடிக் கணக்கில் காத்திருந்துதான் திரும்ப அனுப்பும்.

வைஃபை வழியாக மேசைக் கணினிகளின் பிஎக்ஸ்இ பொதுவாக நடக்காது. லேன் போர்ட் உள்ள ரிப்பீட்டரை நடுவில் வைத்து ஏமாற்றலாம்தான். ஆனால் அந்தச் சுவர்களின் கனத்தில் சிக்னல் தள்ளாடி, போய்வர 3 மில்லிவிநாடி ஆனாலே மேலே சொன்ன 100 எம்பிக்கு 512 பைட் துண்டில் பத்து நிமிடம் ஓடிவிடும்.

இந்த வீடுகளுக்கு ஃபைபர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. முகப்பிலிருந்து பின்கட்டுக்கு ஒரு மெல்லிய ஃபைபர், இரு முனையிலும் ஃபைபரையும் செம்பு கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர், பின்கட்டில் ஒரு சின்ன ஜிகாபிட் சுவிட்ச். கோடை மழை இடியில் செம்பு கேபிள் வழியாகப் போர்ட்டுகள் எரிந்துபோகும் தொல்லையும் அந்தத் தூரத்துக்கு இல்லை, கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் துளை போட வீட்டு ஆச்சி சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் வேண்டாம். பழைய மின்வயர் போகும் மரச்சட்டத்துக்கு மேலே, அதிலிருந்து சற்றுத் தள்ளி, ஃபைபரை ஓட்டிவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில், கரண்ட் வந்ததும் எந்தக் கணினியும் பூட் ஆவதில்லை. கால் மணி கழித்துத் தானாகச் சரியாகிறது.

கரண்ட் வந்ததும் எல்லாமே ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. கணினி சில விநாடியில் முகவரி கேட்கத் தொடங்கிவிடும். மேனேஜ்டு சுவிட்ச் எழவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், சர்வர் அதற்கும் பின்னால். கணினி கேட்டுச் சலித்து நின்றுவிடுகிறது. பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது' என்ற அமைப்பு இருக்கும். கணினிகளுக்கு 'அணைந்தே இரு' என்றும், சர்வருக்கு மட்டும் 'எழு' என்றும் வையுங்கள். சுவிட்சையும் சர்வரையும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் சிறு வெட்டுகளில் இந்தப் பிரச்சினை எழாது.

இணையத்துக்கான ரவுட்டரும் முகவரி கொடுக்கிறது, எங்கள் சர்வரும் கொடுக்கிறது. பாதகமில்லையே?

பாதகம்தான். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்ததைக் கணினி எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ரவுட்டருக்கு பூட் கோப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'பிஎக்ஸ்இ-இ53' என்று பிழை வந்தால் அதன் பொருள் இதுதான்: முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை.

ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு சர்வரிடமே முழுப் பொறுப்பையும் கொடுப்பது சுத்தமான வழி. ரவுட்டரின் அமைப்புக்குள் உங்களை விடமாட்டார்கள் என்றால், டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி டிஎச்சிபி முறையில் ஓட்டுங்கள். முகவரியை ரவுட்டர் கொடுக்கும், பூட் தகவலை மட்டும் உங்கள் சர்வர் சேர்த்துச் சொல்லும். இரண்டும் சண்டை போடாது.

புதிய கணினிகள் மட்டும் தயங்குகின்றன, பழையவை ஒழுங்காக வருகின்றன.

பழையவை லெகசி பயாஸ், புதியவை யூஇஎஃப்ஐ. இரண்டுக்கும் வேறுவேறு பூட் கோப்பு வேண்டும். கணினி டிஎச்சிபியில் கேட்கும்போதே 93ஆம் எண் குறிப்பில் தான் எந்த வகை என்று சொல்லிவிடும். சர்வர் அதைப் படித்து உரிய கோப்பைக் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கோப்பு கொடுத்தால் யூஇஎஃப்ஐ கணினி அதை இறக்கி, திறக்க முடியாமல் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வழிக்குப் போகும். அந்த நேரமெல்லாம் வீண். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத நிரலையும் ஏற்காது. லினக்ஸ் விநியோகங்களோடு வரும் கையொப்பமிட்ட ஷிம், கிரப் என்ற பூட் கோப்புகளைப் பயன்படுத்துங்கள். ஐபிவி6 பயன்படுத்தவில்லை என்றால் பயாஸில் ஐபிவி6 பிஎக்ஸ்இயை அணைப்பது நல்லது. பூட் தோல்வியடையும் நாளில் ஒரு காத்திருப்பு குறையும்.

'பிஎக்ஸ்இ-இ32' என்றால்? 'இ61' என்றால்?

இ61 என்றால் கேபிள் இணைப்பே தெரியவில்லை. இ32 என்றால் முகவரி கிடைத்தது, டிஎஃப்டிபி சர்வர் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் ஃபயர்வால். 69ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டோமே என்பீர்கள். முதல் கேள்விதான் 69க்கு வரும், சர்வர் பதிலை வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பும். ஃபயர்வாலில் டிஎஃப்டிபி நிரலுக்கே அனுமதி கொடுங்கள். சர்வரில் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைப் போட்டுப் பார்க்கும்போதும் 69ஐ மட்டும் வடிகட்டினால் முக்கால்வாசி காட்சி தெரியாது.

நான்கு கணினிதான் இருக்கின்றன. இவ்வளவு பாடு படலாமா அண்ணே?

வேண்டாம். நான்குக்கும் தனித்தனி எஸ்எஸ்டி போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். நெட்வொர்க் பூட்டின் லாபம் ஒரே மாதிரியான பத்து, இருபது கணினிகளை ஒரே இடத்திலிருந்து பராமரிப்பதில்தான் இருக்கிறது. காலையில் பத்து விநாடி மிச்சம் பிடிக்க யாரும் இதைச் செய்வதில்லை. சர்வர் ஒன்று படுத்தால் எல்லாமே படுக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேன் போர்ட் இல்லாத லேப்டாப்பில் யூஎஸ்பி லேன் மாட்டி பூட் செய்யலாமா?

லேப்டாப்பின் ஃபர்ம்வேர் அந்த அடாப்டரின் சிப்பை அறிந்திருந்தால் முடியும். அதே நிறுவனத்தின் அடாப்டர் என்றால் வாய்ப்பு அதிகம். பயாஸின் பூட் பட்டியலில் அதன் பெயர் வரவில்லை என்றால் சர்வர் பக்கம் என்ன மாற்றினாலும் நடக்காது. அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் ஐபிஎக்ஸ்இயை பென்டிரைவில் எழுதி அதிலிருந்து கிளப்பிப் பாருங்கள். அந்தச் சிப்புக்கான டிரைவர் ஐபிஎக்ஸ்இயில் இருந்தால் மேற்கொண்டு எல்லாம் சர்வரிலிருந்தே வரும்.